வழுக்கியதா... உருண்டதா?

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு குழாய் ஓடிவிட்டது.

தண்ணீர்க் குழாய் இல்லை. அது ஓடினால் சந்தோஷப்பட்டுக் குடம் வைத்திருப்போமே! நான் சொல்வது பாதாளச் சாக்கடைக்குப் பதிக்கிற சிமென்ட் குழாய். ஓர் ஆள் தவழ்ந்து இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரலாம்... அத்தனை பெரியது. பட்டப்பகலில், யாரும் தொடாமல், கிளம்பிப் போய்விட்டது.

அதைவிடக் கொடுமை, அது போனதற்குப் பிறகு நடந்ததுதான்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் கொஞ்சம் போய், உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். ஆனால் என் பையிலிருந்து தவறி விழுந்த எலுமிச்சம்பழத்தைத் தெருக்கோடிப் புங்கமரத்தடியில் போய்த்தான் பொறுக்கியிருக்கிறேன். சரிவு அப்படி.

அந்தப் புங்கமரத்தடியில்தான் பாப்பாத்தியின் இஸ்திரி வண்டி நிற்கும். சங்ககிரிப் பக்கம் பிறந்தவர். புருஷன் தவறிய பிறகு, அவர் இழுத்த கரிப்பெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் மடித்துத் தருகிற சட்டையைப் பிரித்துப் போடவே மனசு வராது. தெருவில் பாதி வீட்டுத் துணி அவர் வண்டியில்தான் இருக்கும்.

குழாய்கள் வந்து இறங்கிய அன்றைக்கே எனக்குப் பகீரென்றது. தெரு ஓரமாக, நீளவாக்கில் படுக்கப் போடாமல், குறுக்குவாக்கில் வரிசையாக இறக்கிவிட்டார்கள். அதாவது, ஒவ்வொரு குழாயும் சரிவைப் பார்த்தபடி, 'போகட்டுமா?' என்று கேட்பதுபோல நிற்கிறது. அடியில் கொஞ்சம் மண்ணைத் தள்ளியிருந்தார்கள். அவ்வளவுதான்.

வேலையைப் பார்த்துக்கொள்ள கான்ட்ராக்டர் ஒரு சூப்பர்வைசரை வைத்திருந்தார். பெயர் தினேஷ். சின்ன வயசு. ஒரு காதில் எப்போதும் ஏதோ செருகியிருக்கும். நம்மிடம் பேசுகிறாரா, போனில் பேசுகிறாரா என்றே தெரியாது. அவரிடம் போய், ''தம்பி, அடியில ஒரு கல்லாவது வைக்கக் கூடாதா?'' என்று கேட்டேன்.

''மேடம், ஒவ்வொண்ணும் டன் கணக்குல வெயிட்டு. யானை வந்து தள்ளினாலும் அசையாது.''

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் புலம்பினேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். திருச்செங்கோட்டுக்காரர். காலேஜில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். ரிட்டயரானது காலேஜிலிருந்துதான்... வாத்தியார் வேலையிலிருந்து இல்லை.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், தினேஷ் சொன்னது தப்பு என்று. எடைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாதாம். கனமான குழாயும் லேசான குழாயும் ஒரே சரிவில் ஒரே மாதிரிதான் உருளுமாம். கனம் அதிகமென்றால் கீழே இழுக்கிற விசையும் அதிகம், அசைக்கிற சிரமமும் அதிகம். ரெண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகுமாம்.

''சரி, இதைப் போய் அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க'' என்றேன்.

''கேட்டாச் சொல்லலாம்'' என்றார்.

இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். கேட்காத எனக்கு வருஷக்கணக்கில் பாடம் நடத்துகிறார். ஊருக்கு உபயோகமாக ஒரு தடவை வாயைத் திறக்கச் சொன்னால்... கேட்டால்தானாம்!

நானே எங்கள் காம்பவுண்டு ஓரம் கிடந்த ஒரு கருங்கல்லை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் கீழ்க்கோடியில், எங்கள் வாசலுக்கு நேராக இருந்த குழாயின் அடியில் வைத்தேன். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள், தோண்டிய மண்ணை அள்ள வந்த ஜேசிபி என் கல்லையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இதற்கு யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்?

அப்புறம் ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் எழுந்து பார்த்தால், குழாய்களின் அடியில் தள்ளியிருந்த செம்மண் கரைந்து வாய்க்காலுக்குப் போயிருந்தது. ஆனால் வெயில் வந்ததும் ரோடு காய்ந்துவிட்டது. பத்து மணி வாக்கில் ஒரு தொழிலாளி சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து, ஒவ்வொரு குழாயின் மேலும் ஓரமாக ஒரு நம்பர் எழுதிக்கொண்டே போனார். எங்கள் வாசலுக்கு நேராக இருந்த குழாய்க்குப் பதினேழு.

மதியம் பாப்பாத்தி தேய்த்த துணிகளைக் கொண்டுவந்து தந்தார். கேட்டில் நின்றுகொண்டே, போன வாரத்து வேட்டியில் ஒரு கறை போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலாக நான் பார்க்கிறேன்... பதினேழு தலைகீழாகத் தெரிகிறது.

ஒரு கணம் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி பார்த்தால் பதினேழைக் காணோம். குழாய் திரும்பிக்கொண்டிருக்கிறது!

அவசரமே இல்லை அதற்கு. கோயில் பிராகாரத்தில் நடக்கிற பெரிய மனுஷன் மாதிரி நிதானமாகக் கிளம்பியது. நான் கத்தினேன். பாப்பாத்தி திரும்பினார். கீழே தெருவில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, வண்டியை அப்படியே ஒரு வீட்டு வாசலுக்குள் திருப்பிக்கொண்டாள். குழாய் அவளைத் தாண்டும்போது வேகமெடுத்துவிட்டது. தடதடவென்று தரை அதிர்ந்தது.

இந்த நேரத்தில் என் பின்னால் ஒரு குரல்.

''குழாய்ங்கறதால தப்பிச்சோம். எடை பூரா விளிம்புல இருக்குது பாரு, பாதிச் சக்தி சுத்தறதுக்கே போயிரும். இதே கெட்டித் தூணா இருந்திருந்தா இன்னும் வேகமா வரும்.''

என் கணவர்தான். வராந்தாவில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

கையில் வேட்டி மட்டும் இல்லாமல் வேறு ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

குழாய் நேராகப் புங்கமரத்தடிக்குப் போனது. இஸ்திரி வண்டி தீப்பெட்டி நசுங்குகிற மாதிரி நசுங்கியது. மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கல்மேடையில் ஒரு முனை ஏறி, ஒரு ஆட்டம் ஆடி, நின்றது. கரிப்பெட்டி வாய் பிளந்து, தணல் சிதறி, துணி மூட்டையிலிருந்து புகை கிளம்பியது. ஆட்கள் தண்ணீர் கொண்டு ஓடினார்கள்.

பாப்பாத்தி ஓடவில்லை. என் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முன்புவரை அவர் அந்த வண்டிக்கு அந்தப் பக்கம்தான், கீழ்ச்சரிவில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கினார்; குடிக்கவில்லை.

உயிர்ச் சேதம் இல்லையே என்று தெரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எத்தனை நேரம்? துணி ஞாபகம் வருகிறவரைதான். எதிர்வீட்டு லலிதாவின் மகளுக்கு மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தப் பட்டுப்புடவை மூட்டைக்குள் இருந்தது. இன்னொரு வீட்டு யூனிஃபார்ம், இன்னொருவர் கோட்டு... ஒவ்வொருவராக வந்து பாப்பாத்தியிடமே கேட்டார்கள். குழாயிடமா கேட்க முடியும்?

''வண்டி போனாப் போவுதுங்கக்கா'' என்றார் என்னிடம் மெதுவாக. ''ஊடு ஊடாப் போயி வாங்குன துணிக்கு நான் எங்கீங்க போறது?''

தினேஷ் பைக்கில் பறந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது, அவர் போனில் பேசுவதைக் கேட்கிறவரை.

''வழுக்கிருச்சுன்னே எழுதிக்கலாம் சார். ராத்திரி மழை சார். மழைக்கு நாம என்ன பண்றது?''

எனக்கு முதலில் புரியவில்லை. வழுக்கினால் என்ன, உருண்டால் என்ன? நொறுங்கியது நொறுங்கியதுதானே? பிறகுதான் உறைத்தது. வழுக்கியது என்றால், மழை ஈரம் இழுத்துக்கொண்டு போனது. யார் மேலும் தப்பில்லை. உருண்டது என்றால், அடியில் கட்டை கொடுக்காதவர் தப்பு. ஒரே ஒரு வார்த்தையில் ஒரு வண்டியும் ஒரு மூட்டைத் துணியும் தொங்குகிறது!

அதோடு விட்டாரா? வண்டியை ரோட்டோரம் நிறுத்தியதே ஆக்கிரமிப்பு, அந்தம்மா இனிமேல் இங்கே நிறுத்தக் கூடாது என்றும் ஒரு போடு போட்டார்.

நான் கண்ணால் பார்த்தேன், உருண்டுதான் போனது என்றேன்.

''மேடம், நீங்க பதட்டத்துல இருந்திருப்பீங்க. அப்படித் தெரிஞ்சிருக்கும்.''

என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று இவர் சொல்கிறார்! சண்டைக்குப் பக்கபலமாக இருக்கட்டும் என்று கணவரைத் தேடினால்... ஆளைக் காணோம்.

நடுரோட்டில் குந்தி உட்கார்ந்திருந்தார். லுங்கியோடு.

''ஏங்க, எந்திரிங்க. வண்டி வருது'' என்றேன்.

''இந்தா கலா, கொடிக்கயிறை அவுத்துட்டு வா.''

துணி காய்கிற கொடி. அதில் நான் காலையில் துவைத்த போர்வைகள். இந்த அமளியில் அவருக்குக் கயிறு வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டார், கொண்டுவந்தால் சொல்வார். போர்வையைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் ரோட்டைப் பார்த்தேன்.

தார்மேல் சிவப்பாக ஒரு பதினேழு. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம்வலமாக. கொஞ்சம் தள்ளி இன்னொரு பதினேழு. அதற்கப்புறம் இன்னொன்று... போகப் போக மங்கிக்கொண்டே மரத்தடி வரை. காயாத பெயின்ட் தரையில் பட்ட இடத்திலெல்லாம் குழாய் தன் நம்பரைத் தானே அச்சடித்துக்கொண்டு போயிருக்கிறது!

மேடைமேல் ஏறி நின்ற முனையின் அடியில் கயிற்றை நுழைத்து, குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தில் ஒரு முடிச்சுப் போட்டார் என் கணவர். அந்தக் கயிற்றை ரோட்டில் நீட்டினார். ஒரு பதினேழிலிருந்து அடுத்த பதினேழுக்கு அச்சு அசலாக அதே நீளம். அடுத்ததற்கும் அதே.

நான் கோபத்தை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

''வழுக்கியிருந்தா?''

''வழுக்கியிருந்தா இழுத்த கோடுதான் இருக்கும். கொஞ்சம் உருண்டு கொஞ்சம் வழுக்கியிருந்தாக்கூட, எழுத்து தேஞ்சிருக்கும், இடைவெளியும் கயித்தைவிட நீண்டிருக்கும். இங்க பாரு, ஏழோட மூக்குக்கூடக் கலையலை. வழுக்காம உருள்றப்ப, தரையைத் தொடற இடம் மட்டும் அந்தக் கணத்துக்கு அசையாம நிக்கும். குழாய் முழுசும் ஓடும்... தொட்ட இடம் ஓடாது. ரப்பர் ஸ்டாம்ப் வைக்கிற மாதிரி.''

அத்தனை பெரிய குழாய், அத்தனை வேகத்தில் போகும்போது, தரையைத் தொடுகிற இடம் மட்டும் நிற்கிறதாம். எத்தனையோ வருஷமாகச் சைக்கிள், ஸ்கூட்டர், பஸ் எல்லாவற்றிலும் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருப்பார். நான் அப்போது அடுப்பில் ஏதாவது வைத்திருப்பேன்.

பள்ளிக்கூட வேன்கள் வந்து அழிக்கிறதற்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். அவர் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவருடைய கட்டைவிரல்தான் இருந்தது. நானே எடுத்தேன். எடுக்கும்போது லலிதா மாடியிலிருந்து, ''சார் ரோட்டுல என்ன தேடறாரு, மோதிரமா?'' என்று கேட்டார். புடவை போன துக்கத்திலும் அவருக்கு இது ஒரு ஆறுதல்.

மறுநாள் காலையில் விசாரிக்க மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியரம்மா வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இது அவருக்கு அன்றைக்கு முதல் தலைவலி இல்லை என்று. தினேஷ் முந்திக்கொண்டு தன் கதையைச் சொன்னார். மழை, ஈரம், வழுக்கல், ஆக்கிரமிப்பு. நான் என் கதையைச் சொன்னேன். ரெண்டு பேரும் ரெண்டு விதமாகச் சொல்றீங்களே என்று அவர் நெற்றியைத் தடவினார்.

''என் வீட்டுக்காரர் நிரூபிப்பார்'' என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அவர் ஆரம்பித்தார். எங்கிருந்து? உராய்வு என்றால் என்ன என்பதிலிருந்து. உராய்வில் எத்தனை வகை... நிலை உராய்வு, நகரும் உராய்வு. நிலை உராய்வு வேலை செய்யாது, ஆனால் அது இல்லாமல் வேலையும் நடக்காது...

இன்ஜினியரம்மாவின் பார்வை போனுக்குப் போனது. தினேஷ் முகத்தில் களை வந்தது. பாப்பாத்தி மரத்தடியில், நசுங்கிய வண்டிப் பக்கத்தில், எதையும் எதிர்பார்க்காத மாதிரி நின்றிருந்தார். எனக்கு உள்ளே கொதிக்கிறது. உண்மை கையில் இருக்கிறது. அதைக் கொடுக்கத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு!

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனேன். சப்பாத்திக் கட்டையை எடுத்தேன். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அதன் வயிற்றில் ஒரு சிலுவை போட்டேன். ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு வந்து, இன்ஜினியரம்மாவின் ஜீப் முன்பக்கத்தின் மேல் விரித்தேன்.

''மேடம், ஒரு நிமிஷம். இது உருள்றது.''

உருட்டினேன். தாளில் ஒரு சிலுவை, தள்ளி ஒரு சிலுவை, தள்ளி இன்னொன்று.

''இது வழுக்கறது.''

உருளவிடாமல் கட்டையைப் பிடித்துத் தேய்த்து இழுத்தேன். நீளமாக ஒரு சிவப்புத் தீற்றல்.

அவர் தாளைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். நடந்துபோய், வேன்கள் அழிக்காமல் விட்ட ஒவ்வொரு பதினேழாகப் பார்த்தார்; அழிந்த இடத்துக்கு என் போட்டோவைக் காட்டினேன். மரத்தடி வரை போனார். திரும்பி வரும்போது தினேஷிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

''கட்டை எங்கே?''

தினேஷ் காதில் செருகியிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

''ஏஞ்சாமி'' என்றார் என் கணவர் அவரைப் பார்த்து, ''மத்தக் குழாய் எல்லாம் அப்படியேதான் நிக்குது. மொதல்ல அதைப் பாரு.''

அந்த மனுஷன் அந்த மாதம் பேசியதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். தினேஷ் ஆட்களைக் கூப்பிடக்கூட இல்லை. தானே போய்க் கல்லைத் தூக்கிவந்து, ஒவ்வொரு குழாய்க்கும் அடியில் கொடுத்தார். கடைசிக் கல்லை வைத்துவிட்டு, அசைகிறதா என்று காலால் உதைத்து உதைத்துப் பார்த்தார். அந்த ஸ்கூட்டிப் பெண்ணின் நினைப்பு வந்திருக்கும். எனக்கு இன்னும் வருகிறது.

'உருண்டது' என்றே எழுதிவிட்டுப் போனார் இன்ஜினியரம்மா. வண்டி அங்கே நின்றதில் தவறில்லை என்றும் சொன்னார். கான்ட்ராக்டர் முனகிக்கொண்டே புது வண்டியும் கரிப்பெட்டியும் வாங்கிக் கொடுத்தார். எரிந்த துணிக்காரர்களிடம் அவரே பேசித் தீர்த்துக்கொண்டார். லலிதா மகளைப் பார்க்க வந்தவர்கள், சாதாரணப் புடவையில் வந்து நின்ற பெண்ணின் அடக்கத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்களாம்.

என் கணவரைத் தெருவே கொண்டாடியது. விஞ்ஞானி என்றார்கள். அவரும் பார்க்கிறவர்களிடமெல்லாம் நிலை உராய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது வண்டி வந்த அன்று பாப்பாத்தி எங்கள் வீட்டுத் துணியைத்தான் முதலில் வாங்கிப் போட்டார். மடித்துக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

''ஏனுங்கக்கா, சார் அப்பிடி என்னதானுங்க கண்டுபுடிச்சாரு?''

''குழாய் வழுக்கலை, உருண்டுதான் போச்சுன்னு கண்டுபிடிச்சார்.''

பாப்பாத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

''அதைத்தான் நானும் பார்த்தனுங்களே... உங்க கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு. என்னைய யாரும் கேக்கலீங்க.''

நிஜம்தான். இன்ஜினியரம்மா கேட்கவில்லை. தினேஷ் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும், சப்பாத்திக் கட்டையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.